உலோகத்தூள் நிரப்பிகளும் இயற்கை நார்க் கூட்டுப்பொருள்களும்

வலிய பொருளொன்றை மெலிய பொருளொன்றோடு கலந்தால், கலவை இரண்டுக்கும் இடைப்பட்ட வலிமையையாவது பெறும் என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் எப்போதும் மெய்யாவதில்லை என்பதை எனக்கு உணர்த்தியவர்கள் மாணவர்களே. விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றிற்கென உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஒருமுறை இரு பலகைகளை வார்த்தனர். ஒன்று தென்னந்தும்பும் பிசினும் மட்டுமே கொண்டது. மற்றையதில் அதே அளவு தும்போடு, பிசினின் நிறைக்குச் சமமான நிறையுள்ள இரும்புத்தூளும் சேர்க்கப்பட்டது. பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக இரு செங்கற்களின்மேற் கிடத்தி, நடுவிலே நிறைகளைத் தொங்கவிட்டுச் சோதித்தனர். இரும்புத்தூள் சேர்ந்த பலகை முதலிற் குறைவாகவே வளைந்தது, மாணவர் மகிழ்ந்தனர். ஆனால் மற்றைய பலகை தாங்கிய நிறையிற் பாதியளவும் ஏறாமுன்னரே அது சடுதியாக முறிந்தது. “இரும்பைச் சேர்த்தும் பலம் குறைந்தது ஏன், சேர்?” என்று அவர்கள் கேட்ட வினாவுக்கு அன்று என்னால் ஒழுங்கான விடை கூற முடியவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டி அறிந்தவற்றைத் தொகுத்து அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டுப்பொருள் என்பது யாது?

மண்ணிலே வைக்கோலைக் கலந்து சுவர் எழுப்பிய பழங்கால மனிதன் கூட்டுப்பொருளின் தத்துவத்தைப் பெயரறியாமலே கையாண்டவன் ஆவான். மண் தனியே வெடிக்கும். வைக்கோல் தனியே நில்லாது. இரண்டும் கூடியவிடத்து ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவுசெய்கின்றது. இன்றைய கூட்டுப்பொருள்களில் மண்ணின் இடத்தைப் பல்பகுதியங்கள் பெற்றுள்ளன. சிறு மூலக்கூறுகள் பல சங்கிலிபோலக் கோக்கப்பட்டு உண்டாகும் பெருமூலக்கூறுகளே பல்பகுதியங்கள். எப்பொட்சி, பொலியெசுத்தர், பீனோல் பிசின் என்பன அவற்றுட் சில. நாரை உள்ளடக்கித் தாங்கும் இப்பிசினை இக்கட்டுரையில் அடிப்பொருள் என வழங்குவோம்.

செயற்கைப் பிசினும் இயற்கை நாரும் கூடிய வரலாறு நீண்டது. பெல்சியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இலியோ பேக்கலண்டு 1907 ஆம் ஆண்டில் ஆக்கிய பேக்கலைட்டு என்னும் பீனோல் பிசின், தனித்த நிலையில் எளிதில் உடையக்கூடியதாகையால், மரத்தூள் கலந்தே பெரும்பாலும் வார்க்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அலுமினியம் தட்டுப்பாடாகலாம் என அஞ்சியபோது, ஆளிநாரைப் பீனோல் பிசினில் தோய்த்து ஆக்கிய கூட்டுப்பொருளினால் ‘இசுப்பிற்பயர்’ விமானத்தின் உடற்பகுதியொன்று பரிசோதனையாகச் செய்யப்பட்டது. கிழக்கு யேர்மனியில் 1957 முதல் 1991 வரை ஆக்கப்பட்ட ‘திரபாண்டு’ மோட்டார் வண்டியின் வெளித்தகடுகள் பருத்திக் கழிவும் பீனோல் பிசினும் கூடியவை. எனவே இயற்கை நார்க் கூட்டுப்பொருள் நேற்றுத் தோன்றிய புதுமையன்று. கண்ணாடி நார் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அது பின்தள்ளப்பட்டு, சூழல் பற்றிய கவலை மிகுந்த அண்மைக் காலத்தில் மீண்டும் முன்வந்துள்ளது எனலே பொருந்தும்.

நாரின் பணியும் பிசினின் பணியும்

சணல், பருத்தி, ஆளி, தும்பு என்னும் தாவர நார்கள் யாவற்றுக்கும் உயிர்நிலையாயிருப்பது செலுலோசு. நாரினுள்ளே செலுலோசு நுண்ணிழைகள் திருகுசுருள்போல அமைந்திருக்கும். அச்சுருள் நாரின் அச்சோடு அமைக்கும் கோணம் சிறிதாயின் நார் விறைப்பானதாகவும் வலியதாகவும் இருக்கும். பெரிதாயின் மெலிந்ததாயினும் நன்கு நீளக்கூடியதாக இருக்கும். சணலில் இக்கோணம் ஏறத்தாழ 8 பாகை. தும்பில் 30 முதல் 45 பாகை வரை. ஆதலால் சணல் நார் தன் நீளத்தில் இரண்டொரு சதவீதம் நீளுமுன் அறுகின்றது. தும்போ 15 சதவீதத்துக்கு மேலும் நீண்டபின்னரே அறுகின்றது. கயிற்றுக்கும் கால்மிதிக்கும் தூரிகைக்கும் எம்மவர் தும்பை விரும்பியதன் பௌதிகக் காரணம் இதுவே.

நார் இழுவையைத் தாங்கும். ஆனால் அழுத்தினால் மடியும். குறுக்கே இழுத்தால் பிரியும். நார்களை ஓரிடத்திற் பிடித்து வைத்து, ஒன்றின் சுமையை அடுத்ததற்குக் கடத்துவது பிசினின் பணி. சுமை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி இரண்டும் தொடும் இடைமுகமே. அங்கே ஒட்டு நன்றாயின் கூட்டு நன்று. ஒட்டுத் தவறின் நாரும் பிசினும் ஒரு வீட்டில் வாழ்ந்தும் பேசாத இருவர் போல ஆகிவிடும். செலுலோசில் ஐதரொட்சைல் கூட்டங்கள் மிகுதியாக உள்ளமையால் அது நீரை நாடுவது. பிசின்களிற் பலவோ நீரை வெறுப்பன. இயற்கை நார்க் கூட்டுப்பொருள்களின் முதற் குறை இந்த இயல்பு வேற்றுமையிலேயே பிறக்கின்றது. நார் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், உலர்ந்து சுருங்கும், அதனால் இடைமுகம் தளரும். இரண்டாங் குறை வெப்பம். 200 பாகை செல்சியசுக்கு மேலே தாவர நார் சிதையத் தொடங்குகின்றது. மூன்றாவது, நாரும் பிசினும் இரண்டுமே வெப்பத்தை அரிதிற் கடத்துவன. உராய்வுக்கும் தேய்வுக்கும் எளிதில் ஆட்படுவன.

இக்குறைகளுட் சிலவற்றைப் போக்கவே செம்பு, அலுமினியம், இரும்பு, நாகம், பித்தளை ஆகியவற்றின் தூள்கள் மூன்றாவது உறுப்பாகச் சேர்க்கப்படுகின்றன. இவ்வாறு சேர்க்கப்படும் தூள் நிரப்பி எனப்படும். நிரப்பி என்ற பெயர் அது வெறுமனே இடத்தை நிரப்புவது என்ற எண்ணத்தைத் தரலாம். உண்மையில் அது ஒரு குணத்தைக் கொடுத்து மற்றொன்றை எடுத்துக்கொள்ளும் வணிகன் போன்றது. எதைக் கொடுக்கின்றது, எதை எடுக்கின்றது என்பதை இனி ஒவ்வொன்றாக நோக்குவோம்.

நிறையும் கனவளவும்

முதலில் ஒரு கணக்கு. மாணவர் தம் பலகையிற் பாதி இரும்பு என்றே கருதினர். நிறையால் நோக்கின், தும்பு நீங்கலாக, அது சரியே. ஆனால் இரும்பின் அடர்த்தி கன சதமமீற்றருக்கு 7.9 கிராம், பிசினின் அடர்த்தி ஏறத்தாழ 1.2 கிராம். 100 கிராம் பிசின் 83 கன சதமமீற்றர் இடத்தைக் கொள்ளும். 100 கிராம் இரும்போ 13 கன சதமமீற்றருக்கும் சற்றுக் குறைவான இடத்தையே கொள்ளும். எனவே நிறையாற் பாதியாகிய இரும்பு, கனவளவால் ஏறத்தாழ 13 சதவீதம் மட்டுமே. செம்பாயின் அடர்த்தி 8.9, இடம் 12 சதவீதம். அலுமினியமாயின் அடர்த்தி 2.7; இடம் 31 சதவீதம்.

ஒரு கூட்டுப்பொருளின் விறைப்பு, வலிமை, கடத்தாறு ஆகிய யாவும் துகள்கள் கொள்ளும் இடத்தைப் பொறுத்தனவேயன்றி அவற்றின் நிறையைப் பொறுத்தனவல்ல. ஆகவே “10 சதவீதம் செம்பு” என்றும் “10 சதவீதம் அலுமினியம்” என்றும் நிறையால் ஒப்பிட்டு, ஒன்று மற்றையதிலும் சிறந்தது என முடிவு கூறுவது ஒவ்வாத இரண்டை ஒப்பிடுவதாகும். அவ்வாறு கூறும் அட்டவணைகளைக் காணும்போது மாணவர் முதலிற் கேட்கவேண்டிய வினா, இச்சதவீதம் நிறையாலா, கனவளவாலா என்பதே.

விறைப்பு

பாய்பொருளொன்றில் சிறு கோளங்கள் மிதந்தால் அதன் பிசுக்குமை எவ்வளவு மிகும் என்பதை ஐன்சுதைன் 1906 ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். அவர் முதலிற் பெற்ற விடை பரிசோதனையோடு ஒவ்வவில்லை. கணக்கு மீண்டும் சோதிக்கப்பட்டுப் பிழை கண்டுபிடிக்கப்பட்டதும், 1911 இல் அவர் திருத்தத்தை வெளியிட்டார். திருத்திய விதியின்படி, கனவளவு ஒரு சதவீதம் கோளங்கள் சேர்ந்தால் பிசுக்குமை இரண்டரைச் சதவீதம் மிகும். இதே வடிவம் கொண்ட விதி, விறைப்பான துகள்கள் சேர்ந்த மென்மையான திண்மத்தின் விறைப்புக்கும் ஏறத்தாழப் பொருந்துகின்றது. துகள்கள் ஒன்றையொன்று தாக்கும் விளைவையும் சேர்த்துக் கணித்தால், கனவளவில் 10 சதவீதத் தூள் பிசினின் யங்கின் மட்டை ஏறத்தாழ 39 சதவீதம் உயர்த்தும். தூள் செம்பாயினும் இரும்பாயினும் இவ்விடை பெரிதும் மாறாது. ஏனெனில், பிசினோடு ஒப்பிட எல்லா உலோகங்களும் பன்மடங்கு விறைப்பானவையே.

39 சதவீதம் பெரிது போலத் தோன்றும். ஆனால் நாரையும் சேர்த்து நோக்கவேண்டும். ஒரே திசையிற் கிடத்திய சணல் நார் கனவளவில் 30 சதவீதமும் பிசின் 70 சதவீதமும் உள்ள பலகையொன்றை எடுத்துக்கொள்வோம். நாரின் மட்டு 20 கிகாபஸ்கால் எனவும் பிசினின் மட்டு 3 கிகாபஸ்கால் எனவும் கொண்டால், நாரின் திசையிலே பலகையின் மட்டு 6 உம் 2.1 உம் கூடிய 8.1 கிகாபஸ்கால் ஆகும். பிசினின் கனவளவிற் பத்திலொரு பங்கை உலோகத்தூளாக மாற்றினால், அதன் மட்டு 4.2 ஆக, பலகையின் மட்டு 8.9 ஆகின்றது. பெற்ற இலாபம் பத்துச் சதவீதமே. இனிச் செலவை நோக்குக. சணலின் அடர்த்தியை 1.4 எனக் கொண்டால், தூளற்ற பலகையின் அடர்த்தி 1.26. செம்புத்தூள் சேர்ந்ததும் அது 1.80 ஆகின்றது. பத்துச் சதவீத விறைப்புக்காக 43 சதவீதப் பாரத்தைச் சுமக்கின்றோம். விறைப்பை அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால், 6.4 ஆக இருந்தது 5.0 ஆக இறங்கிவிடுகின்றது. அலுமினியத்தூளாயின் அடர்த்தி 1.37 மட்டுமே, வகுத்து வரும் எண் 6.5. நட்டமில்லை, இலாபமும் பெரிதில்லை.

பாரம் குறைவு என்பதற்காகவே இயற்கை நாரை நாடுபவர், அதன்மேற் செம்பைத் தூவுவது பயனற்றது என்பது இக்கணக்கினாற் பெறப்படும். எனினும் நாருக்குக் குறுக்கான திசையில் பயன் இதனிலும் பெரிது. அங்கே சுமையைத் தாங்குவது பெரிதும் பிசினே. பிசின் விறைத்தால் பலகையும் விறைக்கும். அமுக்கத்தினால் நார் மடிவதையும் விறைப்பான பிசின் ஒருவாறு தடுக்கும். மேற்பரப்பின் வன்மையும் மிகும். சுருங்கக் கூறின், நார் உதவாத இடத்திலேதான் தூள் உதவுகின்றது.

வலிமை

விறைப்பு வேறு, வலிமை வேறு. விறைப்பு என்பது வளைய மறுப்பது. வலிமை என்பது முறிய மறுப்பது. மாணவரின் பலகை இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைக் கண்முன் காட்டிற்று.

விறைப்பு முழுப் பொருளின் சராசரிக் குணம். வலிமையோ மிகப் பலங்குறைந்த ஓரிடத்தைப் பொறுத்த குணம். சங்கிலியின் பலம் அதன் பலங்குன்றிய வளையத்திலே உள்ளது என்பர். கிறிபிது என்னும் ஆங்கிலேயர் 1921 இல் வெளியான தமது ஆய்வில், நொறுங்கும் பொருள்கள் கொள்கை கூறும் வலிமையிலும் மிகக் குறைந்த வலிமையில் உடைவதற்கு அவற்றிலுள்ள நுண்ணிய வெடிப்புக்களே காரணம் என நிறுவினார். உலோகத் துகளொன்று பிசினினுள்ளே இருக்கும்போது, அதனைச் சுற்றித் தகைப்பு மிகுகின்றது. துகளைப் பிசின் உறுதியாகப் பற்றியிருந்தால் துகளும் சுமையில் ஒரு பங்கைத் தாங்கும். பற்றாவிடின், துகள் இருக்குமிடம் சுமையைத் தாங்காத ஒரு பொந்துக்கு ஒப்பாகும். சிறிது இழுத்தவுடன் துகளுக்கும் பிசினுக்குமிடையே பிளவு தோன்றி அது வெடிப்பின் வித்தாகும். துகள்கள் சிறிதும் ஒட்டவில்லை எனக் கொண்டு கணிக்கும் எளிய முறையொன்றின்படி, கனவளவில் 10 சதவீதத் தூள் பிசினின் இழுவை வலிமையை நான்கிலொரு பங்கு குறைத்துவிடும்.

எனவேதான் பரிசோதனைகள் பலவற்றில், தூளின் அளவு சிறிது சிறிதாக மிகும்போது வலிமை முதலிற் சற்று உயர்ந்து, ஓர் உச்சத்தை அடைந்து, பின்னர் இறங்குவது காணப்படுகின்றது. உச்சத்திற்கு அப்பால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகின்றன. கட்டியின் உட்புறத்தைப் பிசின் நனைப்பதில்லை. துகள் நுண்ணிதாயின், ஒரே கனவளவுக்குப் பரப்பு மிகும். ஒட்டும் இடமும் மிகும். ஆனால் அளவுமீறி நுண்ணிதாயின் திரளும் இயல்பும் மிகும். நுண்மையிலும் அளவு வேண்டும்.

ஒட்டை வளர்க்கும் வழிகளும் உள. உலோகத்தின் மேற்பரப்பை எண்ணெய் நீக்கிக் கழுவுதல் முதலாவது. ஒரு முனையால் உலோக ஒட்சைட்டையும் மறுமுனையால் பிசினையும் பற்றக்கூடிய சிலேன் என்னும் சிலிக்கன் சேர்வைகளைப் பூசுதல் இரண்டாவது. நாரின் பக்கத்தில், சோடியமைதரொட்சைட்டுக் கரைசலில் அதனைத் தோய்த்து மெழுகையும் பிற அழுக்கையும் நீக்குவர். ஆங்கிலேயராகிய யோன் மேசர் 1844 இல் பருத்திக்குக் கண்ட கார முறையின் வழிவந்தது இது. இவ்விடத்து ஓர் எச்சரிக்கை: காரத்தில் தோய்த்த நாரை நன்கு கழுவாமல் அலுமினியத்தூளோடு சேர்த்தால், காரம் அலுமினியத்தைத் தாக்கி ஐதரசன் வாயுவை வெளிவிடும். அவ்வாயு குமிழிகளாகப் பிசினுள்ளே சிக்கினால், நாம் நிரப்பியைச் சேர்க்கப்போய்ப் பொந்துகளைச் சேர்த்தவர்களாவோம்.

வெப்பமும் மின்னும்

செம்பின் வெப்பக் கடத்தாறு எப்பொட்சிப் பிசினின் கடத்தாற்றிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. எனவே பத்துச் சதவீதம் செம்பு சேர்ந்தால் கலவையின் கடத்தாறு இருநூறு மடங்காகும் என்று மாணவர் எதிர்பார்க்கலாம். மட்சுவெல் 1873 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது மின்காந்தவியல் நூலில், ஓர் ஊடகத்தினுள்ளே தனித்தனியாகப் பரந்த கோளங்களைப் பற்றிய கணிப்பைத் தந்துள்ளார். அதன்படி, கனவளவில் 10 சதவீதம் செம்பு கடத்தாற்றை 33 சதவீதம் மட்டுமே உயர்த்தும். 30 சதவீதம் சேர்த்தாலும் அது 2.3 மடங்குதான். காரணம் எளிது. கடலிற் பல தீவுகள் உள்ளன. தீவுகளுக்குள்ளே நல்ல வீதிகள் உள்ளன. ஆயினும் தீவுக்குத் தீவு செல்லத் தோணியிலே துடுப்பு வலித்தே ஆகவேண்டும். பயண நேரத்தைத் தீர்மானிப்பது தோணியேயன்றி வீதியன்று. தீவுகளிடையே பாலங்கள் அமைந்தாலே நிலைமை மாறும். தூளைக் கோளமாக அன்றிச் செதிலாகவோ இழையாகவோ ஆக்கினால் துகள்கள் ஒன்றையொன்று தொடும் வாய்ப்பு மிகும். ஆதலால் கடத்தலை விரும்புவோர் செதில்களையும் இழைத்துண்டுகளையும் நாடுகின்றனர்.

மின்கடத்தலில் இவ்வுண்மை இன்னும் கூர்மையாக வெளிப்படுகின்றது. தூள் குறைவாக உள்ளவரை கலவை காவலியாகவே இருக்கும். ஓர் எல்லையை அடைந்ததும், துகள்கள் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை தொடர்சங்கிலியாகி, தடை சடுதியாகப் பன்மடங்கு வீழ்கின்றது. ஒழுங்கற்றுப் பரந்த சம கோளங்களுக்கு இவ்வெல்லை கனவளவில் ஏறத்தாழ 16 சதவீதம் எனக் கொள்கை கூறும். நீண்ட துகள்களுக்கு இதனிலும் குறையும். அலுமினியத் துகளை எப்போதும் மூடியிருக்கும் ஒட்சைட்டுப் படை மின்னைக் கடத்தாதாகையால், துகள்கள் தொட்டாலும் மின் எளிதிற் பாயாது. எனவே திண்ம உலோகத்தின் குணத்தை அப்படியே தூளுக்கு ஏற்றிக் கூறுதல் பிழை.

ஈரத்தைப் பொறுத்தவரையில், உலோகம் நீரை உறிஞ்சாது. நீர் உள்ளே செல்லும் வழியையும் அது வளைத்து நீட்டுகின்றது. ஆகவே நன்கு வார்த்த பொருள் சற்றுக் குறைவாகவே நீரை ஏற்கும். ஆனால் பொந்துகள் இருந்தால் இப்பயன் அழிந்துவிடும். உள்ளே புகுந்த நீர் இரும்பாயின் துருவையும் உண்டாக்கும். துரு இரும்பிலும் கூடிய இடத்தைக் கொள்வதால், உள்ளிருந்தே பிசினைப் பிளக்கும்.

வார்த்தலிலே நேரும் இடர்கள்

கொள்கை எவ்வளவு நன்றாயினும், கிண்ணத்திலே நேரும் தவறு அதனைக் கெடுத்துவிடும். பிசின் இறுகுமுன் துகள்கள் அடியிற் படிகின்றன. சுதோக்கின் விதிப்படி, படியும் வேகம் துகளின் விட்டத்தின் வர்க்கத்துக்கும், துகளுக்கும் பாய்பொருளுக்குமுள்ள அடர்த்தி வித்தியாசத்துக்கும் நேர்விகிதமானது. ஒரே பருமனுள்ள செம்புத் துகள் அலுமினியத் துகளிலும் ஐந்து மடங்கு விரைவாகப் படியும். விட்டம் இருமடங்கானால் வேகம் நான்கு மடங்காகும். படிந்தபின் பலகையின் கீழ்ப்பாதி உலோகம் மிக்கதாகவும் மேற்பாதி வெறும் பிசினாகவும் அமையும். அதனை எப்பக்கம் மேலாக வைத்துச் சோதிக்கின்றோம் என்பதைப் பொறுத்தே விடையும் மாறும்.

இதற்கு அஞ்சித் தூளை மிகுதியாக்கினாலோ பிசின் தடிக்கும். தடித்த பிசின் நார்க்கற்றையின் உள்ளே புகாது. கற்றையின் நார்கள் துகள்களை வடிகட்டிபோல வெளியே நிறுத்திவிடும். உலர்ந்த நாரும், அடைபட்ட காற்றும் எஞ்சும். நுண்ணிய அலுமினியத் தூள் காற்றிலே பரந்திருக்கையில் தீப்பொறி பட்டால் வெடிக்கவல்லது என்பதையும் மாணவர் மறத்தலாகாது. அதனை ஆய்கூடத்தில் ஆசிரியரின்றிக் கையாளக்கூடாது.

பிறேக் கட்டை தரும் பாடம்

நார், பிசின், உலோகத்தூள் ஆகிய மூன்றும் உண்மையாகவே கூடி உழைத்த இடம் ஒன்றுண்டாயின் அது வண்டிகளின் பிறேக் கட்டையே. அங்கே வேண்டப்படுவது இலேசான பாரமுமன்று, பெரும் இழுவை வலிமையுமன்று. உராய்வைத் தாங்குதலும், உராய்விற் பிறக்கும் வெப்பத்தைக் கடத்துதலுமேயாம். இங்கிலாந்தில் 1897 இல் ஏபேட்டு புறூடு தொடங்கிய ‘பெரோடோ’ நிறுவனத்தின் தொடக்ககாலக் கட்டைகள், பருத்தி நெசவைப் பிசின் போன்ற பொருள்களில் தோய்த்து ஆக்கப்பட்டவை. மோட்டார் வண்டியின் வேகம் வளர, பிறந்த வெப்பத்திற் பருத்தி கருகியது. 1908 இல் அவர் கன்னார் எனப்படும் அசுபெசுதசுவைப் பயன்படுத்தத் தொடங்கினார். பிற்காலத்திலே பிசினோடு பித்தளைச் சீவல்களும் செம்புத்தூளும் சேர்ந்தன. உராயும் முகத்தில் மிகும் வெப்பத்தை உள்ளே பரப்பிப் பிசினைச் சிதையாமற் காத்தலும், தேய்வையும் உராய்வையும் சீராக வைத்தலும் உலோகத்தின் பணியாயின.

கன்னார்த் தூசி நுரையீரலிற் புற்றுநோயை விளைப்பது உறுதியானபின், பல நாடுகள் அதனை விலக்கின. பிரித்தானியா வெண்கன்னாரை 1999 இல் தடைசெய்தது. அதன் இடத்தை நிரப்ப வந்தவற்றுள் செம்பும் ஒன்று. பின்னர் செம்பின் குறையும் வெளிப்பட்டது. பிறேக் தேயத் தேய உதிரும் செம்புத்தூள் மழைநீரோடு ஆறுகளிற் சேர்ந்து நீர்வாழ் உயிர்களுக்கு ஊறு செய்கின்றது. சமன் மீனின் மோப்ப உணர்வையே அது கெடுக்கின்றது. ஆகவே அமெரிக்காவின் வாசிங்டன், கலிபோணியா ஆகிய மாநிலங்கள் 2010 இல் சட்டம் இயற்றின. கலிபோணியாவில் நிறையால் 5 சதவீதத்துக்கு மேற்பட்ட செம்புள்ள கட்டைகளின் விற்பனை 2021 ஆம் ஆண்டிலிருந்தும், 0.5 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றின் விற்பனை 2025 ஆம் ஆண்டிலிருந்தும் தடைசெய்யப்பட்டன. இன்று ஆய்வாளர் தும்பு, புளிச்சநார் முதலிய தாவர நார்களை மீண்டும் பிறேக் கட்டைகளில் சோதிக்கின்றனர். பருத்தியில் தொடங்கிய சக்கரம் நூறாண்டு சுழன்று தாவர நாரிடமே திரும்புகின்றது.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளைப் புகட்டுகின்றது. தூளினால் ஒரு பொருள் பெறும் பயன், அப்பொருள் செய்யவேண்டிய பணியைப் பொறுத்தது என்பது ஒன்று. கலவையிற் சேர்த்த தூள் என்றும் கலவையிலேயே தங்குவதில்லை என்பது மற்றொன்று. தேய்ந்தால் அது மண்ணுக்கும் நீருக்கும் செல்லும். எரித்தால் சாம்பலிலே எஞ்சும். “இயற்கை நார்” என்ற பெயர்ப்பலகையின் கீழே பாதி நிறை செம்பை ஒளித்துவைத்த பொருளைச் சூழலுக்கு உகந்தது என விற்பது நேர்மையாகாது.

முடிவுரை

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். அவர்களின் முறிந்த பலகையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தின் அடிப்பகுதி கருமையாகவும் மேற்பகுதி தெளிந்த பிசினாகவும் இருந்தன, இரும்பு படிந்துவிட்டது. தும்புகள் அறாமல், பிசின் ஒட்டாத வெறும் நாராக உருவிக்கொண்டு வெளிவந்திருந்தன. தடித்த கலவை அவற்றை நனைக்கவில்லை. தூளை வாங்கியபடியே சேர்த்தனராம். அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கவும் கூடும். இரும்பு பிசினை விறைக்கச் செய்தது; ஆகவே முதலிற் பலகை வளையவில்லை. ஒட்டாத துகள்கள் வெடிப்புக்கு வித்திட்டன. நனையாத தும்பு வெடிப்பைத் தடுக்கவில்லை. ஆகவே அது முறிந்தது. தூளற்ற பலகையோ, முறிந்த பின்னரும் தும்பினாலே பிணைக்கப்பட்டுத் தொங்கியதை அப்போதே கண்டோம்.

அம்மாணவருக்கு நான் இன்று கூறக்கூடிய விடை இதுவே: பலம் இரும்பில் இல்லை, இரும்பும் பிசினும், பிசினும் தும்பும் ஒன்றையொன்று பற்றும் இடத்தில் உள்ளது. மீண்டும் செய்வோர் தூளைக் கழுவி உலர்த்துக. தும்பைக் காரத்தில் தோய்த்துப் பலமுறை அலசுக. தூளைக் கனவளவால் இரண்டு, நான்கு, எட்டுச் சதவீதமென அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் பல பலகைகளை வார்க்குக. இறுகும்வரை அச்சைப் புரட்டிக்கொண்டேயிருக்க. வளைவையும் முறிவையும் வெவ்வேறு நிரல்களிற் குறிக்க. ஒரேயொரு பலகை முறிந்ததைக்கொண்டு முடிவு கூறற்க. அவ்வாறு செய்து பெறும் வரைபு ஏறி இறங்குமாயின், அவ்வுச்சியைத் தம் கையாற் கண்ட மாணவன், அச்சிட்ட அட்டவணை பத்தைப் படித்தவனிலும் மேலானவன். முறிந்த பலகையை ஆய்கூட அலுமாரியிலே வைத்திருக்கின்றேன். அடுத்து வரும் வகுப்பினருக்கு முதற் பாடம் அதுவே.